ரத்தக்குழாய்ப் பந்தயம்

எழுபத்தொன்றாவது வயதில் என் மனைவியை எதிலாவது ஒன்றில் ஜெயித்துவிடுவது என்று முடிவு செய்தேன். சமையல், ஞாபகம், வாக்குவாதம் மூன்றும் கைவிட்டுப் போய்விட்டன. மிச்சமிருந்தது மகாதமனி, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்.

நானும் என் மனைவி ரோனியும் எங்கள் ஊரான பால்டிமோரில் ஓர் ஆராய்ச்சிக்கு உடம்பைக் கொடுத்திருக்கிறோம். பதற வேண்டாம், உயிரோடுதான். நோய்நொடி இல்லாதவர்களுக்கு வயசாவது எப்படி என்று பார்க்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கூப்பிட்டு, தலை முதல் கால் வரை அளந்து, காலைச் சாப்பாடு போட்டு அனுப்புகிறார்கள். எங்கள் தெருவில் மற்றவர்கள் பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பீற்றிக்கொள்வார்கள். நாங்கள் நுரையீரலைப் பற்றி.

சண்டை வெள்ளிக்கிழமைக்காக. வெள்ளி மாலை எனக்கு டக்பின். உள்ளங்கையில் அடங்கும் பந்தை உருட்டிக் குட்டைக் கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம். அதே நேரத்தில் மாதாகோயில் அரங்கில் போல்கா நடனம். ரோனிக்கு ஜோடி வேண்டும். என் வயசுக்கு அதெல்லாம் ஆகாது, இதயம் தாங்காது என்று சொல்லியே பல வருடம் தப்பித்துவிட்டேன்.

"பந்து உருட்ட மட்டும் தாங்குதா, லெஸ்டர்?"

"பந்து என்னைச் சுத்தச் சொல்லாது."

அடுத்த பரிசோதனை நெருங்கியது. யாருடைய ரத்தக்குழாய் அதிகம் இறுகியிருக்கிறதோ, அவர் ஒரு வருடத்துக்கு வெள்ளிக்கிழமையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று பந்தயம் கட்டினேன். ரோனி வாணலியில் பியரோகி என்ற போலந்துக் கொழுக்கட்டையைத் திருப்பிப் போட்டபடியே சரி என்றாள். அவள் எதற்கும் அவ்வளவு சீக்கிரம் சரி என்றதில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

என்னிடம் ஒரு கணக்கு இருந்தது. அவளைவிட நான் இரண்டு வயது மூத்தவன்தான். ஆனால் மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களின் குழாய்கள் வேகமாக இறுகும் என்று ஆராய்ச்சி மையத்தில் ஒருவர் பேசியதைக் கேட்டிருந்தேன். போதாததற்குத் திருட்டுத்தனமாகப் பயிற்சி எடுத்தேன். பத்திரிகை வாங்கப் போகிறேன் என்று கிளம்பிப் பூங்கா மேட்டை ஏறி இறங்கினேன். நண்டின் மேல் உப்பு மசாலா தூவுவதை நிறுத்தினேன். எங்கள் ஊரில் இது மதம் மாறுவதற்குச் சமம். ரோனி ஒன்றும் கேட்கவில்லை. தள்ளுபடியில் கிடைத்தது என்று எனக்கு ஒரு ஜோடி நடைக் காலணி மட்டும் வாங்கி வந்தாள்.

பரிசோதனை நாள் வந்தது. அரை இருட்டான அறையில் படுக்க வைத்தார்கள். யொலாண்டா என்ற பெண் பேனா மாதிரி ஒரு கருவியை என் கழுத்தில் வைத்தாள், பிறகு தொடை இடுக்கில். திரையில் மலைகள் மாதிரி அலைகள் எழுந்தன. ஒரு துடிப்பு இங்கிருந்து அங்கே போக எவ்வளவு நேரம் என்று பார்ப்பார்களாம். இளசான குழாயில் அலை நிதானமாகப் போகும். இறுகிய குழாயில் பறக்கும்.

நாற்பது வருடம் குழாய் ரிப்பேர் செய்தவன் நான். குழாய் கெட்டால் அடைப்பு என்றுதான் எனக்குத் தெரியும். எனக்கு அடைப்பு இருக்கிறதா என்று கேட்டேன்.

"சுத்தமா இருக்கு சார். அடைப்பே இல்லாதவங்களுக்கும் வயசானா இறுகும். குழாய்ச் சுவர்ல ரப்பர் மாதிரி இழை இருக்கு. நீங்க அம்மா வயித்துல இருந்தப்பவும் சின்னப் புள்ளையா இருந்தப்பவும் உடம்பு அதை நெய்தது. அப்புறம் அனேகமா புதுசா நெய்யறதே இல்ல. அதை வெச்சேதான் இன்னிக்கு வரைக்கும் ஓட்டறீங்க."

எந்த ரப்பர் குழாய்க்கும் நான் பத்து வருடத்துக்கு மேல் உத்தரவாதம் கொடுத்ததில்லை. இது நான் தூங்கும்போதும், திட்டு வாங்கும்போதும், ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து சுருங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. எவனும் வந்து ஒரு வாஷர் மாற்றவில்லை.

இன்னொன்றும் காட்டினாள். போன அலை கிளைகளில் மோதித் திரும்பி வருகிறது. வாலிபத்தில் அது மெதுவாக, இதயம் தள்ளி முடித்து ஓய்ந்த பிறகு வந்து, இதயத்துக்கே ரத்தம் ஊட்டிவிட்டுப் போகும். வயதானால் அவசரப்பட்டு, இதயம் தள்ளிக்கொண்டிருக்கும்போதே வந்து முட்டும். தண்ணீர்க் குழாயைப் பட்டென்று மூடினால் சுவருக்குள் தடதடவென்று கேட்குமே, அந்த வேகத்தோடு. திரையில் என் அலை போவதையும் வருவதையும் மாதாகோயிலில் இருப்பவன் மாதிரி பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

"எங்க வீட்லயும் இதேதான்" என்றேன். "முன்னெல்லாம் நான் பேசி முடிச்சப்புறம் பதில் வரும்."

சிரிக்காதீர்கள், அலை ஆடுகிறது என்றாள் யொலாண்டா. அவளும்தான் சிரித்தாள்.

முட்டையும் ரொட்டியும் சாப்பிடும்போது எண்களை ஒப்பிட்டோம். அலையின் வேகம் எனக்கு விநாடிக்கு ஒன்பது மீட்டர். ரோனிக்குப் பத்து. எனக்குப் போன தடவையைவிடக் குறைந்திருந்தது. நான் ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. இன்னொரு ரொட்டிக்கு வெண்ணெய் தடவினேன், அவ்வளவுதான்.

ரோனி என் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. தோற்ற வருத்தம் என்று நினைத்தேன்.

"போன தடவை உன் நம்பரப் பாத்துட்டு பயந்தே போயிட்டேன்டா" என்றாள். "நடன்னா நடக்க மாட்ட. உப்பக் குறைன்னா குறைக்க மாட்ட. என்னை ஜெயிக்கணும்னா மட்டும் மலையே ஏறுவ."

"பந்தயம் பந்தயம்தான், ரோனி. வெள்ளிக்கிழமை என்னோடது."

"உன்னோடதுதான், யார் இல்லேன்னது? ஆனா இதயம் தாங்காதுன்னு இனிமே சொல்ல முடியாது, இல்லையா கண்ணு?"

கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தேன்.

"வியாழக்கிழமை புதுசா கத்துக்கறவங்களுக்கு ரெண்டு மணி நேரம் போல்கா இருக்கு. ரெண்டு பேருக்கும் பேர் குடுத்துட்டேன். மத்த ஆறு நாளுக்கு நாம பந்தயமே கட்டலையே."

அந்த வெள்ளிக்கிழமை டக்பின் கூடத்துக்கு முதல் ஆளாகப் போனேன். முந்தின நாள் போல்கா ஆடியதில் பந்தை எடுக்கக் குனிய முடியவில்லை. என் உடம்பில் இறுகாமல் மிச்சமிருந்தது அந்த ஒரு குழாய்தான்.