முதுகு அண்ணாச்சியின் பார்ட்-டூ

சங்கரன்கோவிலில் முகத்தால் பேர் வாங்கியவர்கள் எத்தனையோ பேர். முதுகால் பேர் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் தெரு பரோட்டாக்கடை அண்ணாச்சிதான். தமிழ்நாட்டிலேயே ஒருத்தர்தான் என்பது என் கட்சி. இல்லை, எங்கள் ஊரிலும் ஒருத்தர் உண்டு என்பவர்கள் அவரைக் கையோடு கூட்டி வாருங்கள், பக்கத்தில் நிறுத்திப் பார்த்துவிடுவோம். அண்ணாச்சிக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருக்கிறது. அதைச் சொல்லி வழி கேட்டால் தெருவே உதட்டைப் பிதுக்கும். ‘முதுகு அண்ணாச்சி கடை’ என்று கேளுங்கள், நாய்கூட முன்னால் நடந்து கொண்டுபோய் விடும்.

எல்லாவற்றுக்கும் காரணம் ‘காத்துராசா’ என்ற சினிமா. படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன், பார்த்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். காற்றாலையில் வேலை பார்க்கும் மெக்கானிக் ஒருவன் மேல் இடி விழுகிறது. சாக வேண்டியவன் காத்துராசாவாகிப் பறக்க ஆரம்பிக்கிறான். ஊரையெல்லாம் காப்பாற்றுகிறான். கடைசியில் வில்லன் அவன் சக்தி முழுவதையும் உறிஞ்சிவிட, வறண்ட குளத்துக்குள் தொப்பென்று விழுந்து கிடக்கிறான். அந்த இடத்தில் ‘தொடரும்’ என்று போட்டு விளக்கைப் போட்டுவிட்டார்கள். அன்றைக்குப் போன தூக்கம் எங்கள் ஊருக்கு வெகுநாள் திரும்பவில்லை.

அந்தப் படத்தின் பஸ் சண்டையை எடுத்தது மேலநீலிதநல்லூர் பக்கத்துக் காற்றாலைக் காட்டில். படப்பிடிப்புக்காரர்களுக்குப் பரோட்டா சப்ளை நம் அண்ணாச்சி. எரிகிற பஸ்ஸுக்குள்ளிருந்து காத்துராசா ஒரு ஆளின் சட்டையைப் பிடித்து மேலே தூக்கிக்கொண்டு பறக்க வேண்டும். அதற்கென்று வந்திருந்த ஆள் கிரேனை ஒருதடவை அண்ணாந்து பார்த்தார், அடுத்த டவுன் பஸ்ஸில் ஏறிப் போயேவிட்டார். டைரக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்திருக்கிறார். அண்ணாச்சி குனிந்து சால்னாச் சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தார். வயற்காட்டுக் களம் போல அகன்ற முதுகு.

“அந்த முதுகு யாருது? கூப்பிடுங்க.”

“சார், எனக்கு நடிப்பெல்லாம் வராது.”

“நடிக்க வேண்டாம். தொங்கினாப் போதும்.”

கட்டம் போட்ட பச்சைச் சட்டை ஒன்றைப் போட்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டி, கிரேனில் மேலே ஏற்றிவிட்டார்கள். அந்த உயரத்திலிருந்து அண்ணாச்சி போட்ட சத்தம் சங்கரன்கோவில் கோபுரம் வரை கேட்டிருக்கும். “ஏலே, எறக்கி விடுங்கல! அடுப்புல சால்னா கெடக்குல, அடிபிடிச்சிரும்ல!”

படத்தில் முதுகுதானே தெரிகிறது என்று அந்தச் சத்தத்தை எடுத்துவிட்டு, ‘காப்பாத்துங்க’ என்று யாரோ ஒருவர் குரலைச் சேர்த்துவிட்டார்கள். அந்த ஆற்றாமை அவருக்கு ரொம்ப நாள் இருந்தது. “உசுரு போற நேரத்துல எந்த பரோட்டா மாஸ்டராவது காப்பாத்துங்கன்னு சொல்லுவானாவே? சால்னாவப் பத்தித்தான் சொல்லுவான். இவங்களுக்கு வாழ்க்கையே தெரியல” என்பார்.

படம் வந்தது. எங்கள் ஊர்த் தியேட்டரில் அந்தக் காட்சியில் திரை முழுக்க ஒரு முதுகு பறந்தது. முதலில் கண்டுபிடித்தது மொபைல் கடை சாகுல். கடையநல்லூர்க்காரன், இங்கே கடை போட்டிருக்கிறான். சாப்பாடெல்லாம் அண்ணாச்சி கடையில், பரோட்டாக் கல்லுக்குப் பின்னால் கிடக்கும் மேசையில்தான். தினமும் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறவன் கண் தப்புமா? “யா அல்லா, நம்ம அண்ணாச்சி முதுகுல்லா!” என்று சீட்டில் ஏறி நின்று கத்தினான். தியேட்டர் இரண்டுபட்டது.

மறுநாள் சாயங்காலம் போய்ப் பார்த்தால் தெருவைப் பார்த்திருந்த பரோட்டாக் கல்லைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டிருந்தார் அண்ணாச்சி. வருகிற ஜனம் முதலில் முதுகைப் பார்க்க வேண்டுமாம். சிவகிரியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து முதுகோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவே மாட்டார். மாவை வீசியபடி, “லைட் சரியா விழுதா பாருங்க” என்று மட்டும் சுவரிடம் சொல்வார். எங்களுக்கெல்லாம் தலைகால் புரியாத பெருமை. பக்கத்து ஊர்க்காரனிடம் பேச்சை எங்கே ஆரம்பித்தாலும் அந்த முதுகில் கொண்டுபோய் முடிப்போம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டியில் வந்து கல்லைப் போட்டது வாசுதேவநல்லூரில் இருக்கும் அவருடைய மச்சினன். ஒரு காதுகுத்து வீட்டில், சொந்தபந்தம் எல்லாம் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டுவிட்டான்.

“அத்தான், முதுகுன்னா எல்லாருக்குந்தான் இருக்கு. எனக்கும் இருக்கு. இது நான்தான்னு நானும் சொல்லிக்கிடலாம்லா? முகத்தக் காட்டுங்க, நம்புதேன்.”

பந்தியே சிரித்தது. அண்ணாச்சி பாயாசத்தைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டார். அவர் மனைவியை நாங்கள் மதினி என்போம். “வீட்டுக்கு வந்ததும் சட்டையக்கூட மாத்தல. கண்ணாடிக்கு முன்னால நின்னு முகத்தவே பாத்துக்கிட்டு இருந்தாவ” என்று மதினிதான் எங்களிடம் சொன்னார். கேட்டு எனக்கு அந்த மச்சினன் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை.

அன்றைக்கு அண்ணாச்சி ஒரு முடிவுக்கு வந்தார். பார்ட்-ஒன்னில் முதுகு. பார்ட்-டூவில் முகம்.

பார்ட்-டூ எப்போது வரும் என்று நாடே கேட்டுக்கொண்டிருந்தது. காத்துராசாவுக்குச் சக்தி எப்படித் திரும்பும் என்று அண்ணாச்சி கடையில் தினமும் பட்டிமன்றம் நடந்தது. இன்னொரு இடி விழும் என்பான் ஒருத்தன். இடி என்ன டவுன் பஸ்ஸா, ஒன்று விட்டால் அடுத்தது வர? வெளிநாட்டு விஞ்ஞானி மருந்து கண்டுபிடிப்பார் என்பான் சாகுல். இதையெல்லாம் கேட்டபடி சுவரைப் பார்த்து மாவு வீசும் அண்ணாச்சி கடைசியில் தீர்ப்புச் சொல்வார்.

“ஏ மக்கா, அந்தப் பய கொளத்துல இருந்து எந்திரிச்சா மொதல்ல அவனுக்கு என்ன செய்யும்? பசிக்கும்லா? பசிச்சா எங்க போவான்? தான் காப்பாத்துன ஆளத் தேடித்தான் வருவான். அந்த ஆளு பரோட்டாக்கடைக்காரன். நல்லா நாலு பரோட்டாவப் பிச்சுப்போட்டு சால்னாவ ஊத்துனா சக்தி தானா வந்துட்டுப் போகுது. இதுக்கு எதுக்குவே வெளிநாட்டு விஞ்ஞானி?”

நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்கமாட்டார்.

அன்று முதல் முதுகுக்கும் முகத்துக்கும் அவர் வைத்த காவல் இருக்கிறதே, கஜானாவுக்குக்கூட அப்படிக் கிடையாது. முதுகு மாறக்கூடாது. போன காட்சியில் இருந்தது அடுத்த காட்சியிலும் அப்படியே இருக்க வேண்டுமாம், ‘கன்டினியுட்டி’ என்ற அந்த வார்த்தையைப் படப்பிடிப்பில் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். முடிவெட்டுகிறவர் பின்கழுத்துப் பக்கம் கத்தியைக் கொண்டுபோனால், “கன்டினியுட்டி, கன்டினியுட்டி” என்று அலறுவார். மாவு மூட்டையைத் தோளில் ஏற்றமாட்டார், வெயிலில் சட்டை இல்லாமல் நிற்கமாட்டார்.

முகமோ யாருக்கும் கிடையாது. கல்யாண வீட்டு வீடியோவில் தேடிப்பாருங்கள், பந்தியில் ஒரு முதுகு சாப்பிட்டுக்கொண்டிருக்கும். “முகம் பார்ட்-டூவுக்குத் தம்பி, இப்பவே காட்டிட்டா சஸ்பென்ஸ் போயிரும்” என்பார் கேமராக்காரரிடம். ஆதாரில் போட்டோ மாற்றப் போன இடத்திலும் இதே கதை. அந்த அறையில் இருந்த பெண் பாவம், “அண்ணாச்சி, இங்கன முகந்தான் வேணும்” என்று கெஞ்சியிருக்கிறது. நாலு பக்கமும் பார்த்துவிட்டு, “வேற யாருக்கும் காட்டமாட்டீயள்லா?” என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் திரும்பியிருக்கிறார்.

வருஷம் ஓடியது. டைரக்டருக்கும் தயாரிப்பாளருக்கும் சண்டை என்றார்கள். ஹீரோவுக்குத் தொப்பை விழுந்துவிட்டது, கயிறு தாங்காது என்றார்கள். ஒவ்வொரு செய்தியும் வரும் நாளில் பரோட்டா கருகும். சாகுல்தான் செல்போனைக் காட்டித் தேற்றுவான். “இன்ஷா அல்லா, கண்டிப்பா வரும் அண்ணாச்சி. நீங்க முதுகப் பாத்துக்கிடுங்க.”

மதினி ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியதும் கோவிலைச் சுற்ற ஆரம்பித்தார். ஆடிச்சுற்று சுற்றுவது எங்கள் ஊர்ப் பெண்களுக்கு வழக்கம்தான். என்ன வேண்டுதல் மதினி என்று கேட்டேன்.

“கோமதி ஆத்தா எதுக்குத் தபசு இருந்தா? சிவனையும் பெருமாளையும் ஒரே ஒடம்புல பாக்கணும்னுதான? நானும் அதத்தான் கேக்கேன். இவுக முதுகையும் முகத்தையும் ஒரே படத்துல காட்டிரு ஆத்தான்னு சுத்துதேன்.”

ஆத்தா கேட்டுவிட்டாள். படப்பிடிப்புக் குழுவிலிருந்து போன் வந்தது. சிவகிரி பக்கம் செட் போட்டிருக்கிறார்களாம், பழைய முதுகு வேண்டுமாம். அண்ணாச்சி அன்றைக்கே கேட்டு வாங்கி வைத்திருந்த பச்சைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனார். போன ஆள் திரும்பி வந்தபோது தரையில் கால் பாவவில்லை.

“மக்கா, கத நான் சொன்னதுதான்! அப்படியே! அவன் பசியோட என் கடைக்கு வருதான். நான் பரோட்டா போட்டுக் குடுக்கேன். எனக்குப் பின்னால ஒரு கேமரா, முன்னால ஒரு கேமரா. ஒரு வசனம் வேற பேசியிருக்கேன்.”

“என்ன வசனம் அண்ணாச்சி?”

“அதத் தியேட்டர்ல வந்து கேளு.”

சக்தி எப்படித் திரும்பும் என்று நாட்டிலேயே யாருக்கும் தெரியாத ரகசியத்தை எங்கள் தெரு மட்டும் தெரிந்து வைத்திருந்தது. ஒருத்தர்கூட வெளியே விடவில்லை. பொறணி பேசியே வளர்ந்த தெரு வாயைக் கட்டிக்கொண்டு இருந்தது என்றால் நம்புவீர்களா? இருந்தோம்.

ரிலீஸ் அன்றைக்குத் தியேட்டர் வாசலில் எங்கள் தெருக்காரர்கள் வைத்த பிளெக்ஸில் இடது பக்கம் காத்துராசாவின் முகம், வலது பக்கம் அதே அளவில் அண்ணாச்சியின் முதுகு. வாசுதேவநல்லூரிலிருந்து மச்சினன் குடும்பமே வேனில் வந்து இறங்கியது, அண்ணாச்சி கூப்பிட்டிருந்தார். அண்ணாச்சியை முன்வரிசையில் உட்காரச் சொன்னோம். கேட்கவில்லை. மீசைக்கு மை பூசிக்கொண்டு, அதே பச்சைச் சட்டையில் கடைசி வரிசையில் மதினியோடு போய் உட்கார்ந்தார். “என் முகத்தப் பாக்கும்போது ஊரு என்ன செய்யுதுன்னு நான் பாக்கணும்லா.”

இடைவேளை முடிந்து அந்தக் காட்சி வந்தது. காத்துராசா தள்ளாடித் தள்ளாடி நடந்து வருகிறான். தூரத்தில் ஒரு பரோட்டாக்கடை. பச்சைச் சட்டை. அந்த முதுகு!

விசில் பறந்தது. பேப்பர் மழை. சாகுல் வழக்கம்போல் சீட்டின் மேல் ஏறிவிட்டான். காத்துராசா பெஞ்சில் உட்கார, முதுகுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கை தட்டை நீட்டியது. அவன் சாப்பிட்டான். அவன் முகம் தெரிந்தது, கண்ணீர் தெரிந்தது, சால்னாகூடத் தெரிந்தது. இப்போது முகம் வரும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். வரவில்லை. வசனமும் வரவில்லை. காத்துராசா எழுந்து வெளியே நடந்துவிட்டான். வெட்டிவிட்டிருக்கிறார்கள்.

விசில் அப்படியே நின்றது. சாகுல் சீட்டிலிருந்து மெல்ல இறங்கினான். திரும்பிப் பார்க்க யாருக்கும் தைரியமில்லை.

அந்த அமைதியில் ஒருத்தன் எழுந்து நின்றான். பார்த்தால் அந்த மச்சினன். போச்சு, மனுஷனைச் சாகடிக்கப்போகிறான் என்று நினைத்தேன். அவன் திரைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, தொண்டை கிழியக் கத்தினான்.

“ஏலே, அங்கன என்னல பாக்கிய? முகம் இங்கன இருக்குல! எங்க அத்தான் முகம்ல! எல்லாவனும் திரும்புங்கல!”

தியேட்டர் திரும்பியது. முன்வரிசை, நடுவரிசை, பால்கனி, எல்லாரும் எழுந்து திரைக்கு முதுகைக் காட்டி நின்றோம். செல்போன் லைட் ஒவ்வொன்றாகக் கடைசி வரிசைக்குப் போனது. வெளிச்சம் பட்டதும் அண்ணாச்சி என்ன செய்தார் தெரியுமா? பழக்கதோஷம், எழுந்து முதுகைக் காட்டினார்! மதினி அவர் தோளைப் பிடித்து, “போதும், திரும்புங்க. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காவ” என்று திருப்பினார்.

மீசை மையெல்லாம் கண்ணீரில் கரைந்து தாடை வரை வழிந்திருந்தது. ஊரே கைதட்டியது. தட்டி ஓய்ந்ததும், “வசனம் அண்ணாச்சி, வசனம்!” என்று சாகுல் கத்தினான்.

அண்ணாச்சி மூக்கை உறிஞ்சினார். பச்சைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கடையில் பசியோடு வந்து நிற்கிறவர்களிடம் எத்தனையோ வருஷமாகச் சொல்லும் அதே குரலில், எங்களைப் பார்த்துச் சொன்னார்.

“மொதல்ல சாப்புடு ராசா. பொறவு பறக்கலாம்.”

அந்த நேரத்தில் எங்களுக்குப் பின்னால் திரையில் காத்துராசா இழந்த சக்தியெல்லாம் திரும்பி வானத்தில் பறந்திருக்கிறான். படத்திலேயே அதுதான் பெரிய காட்சி என்று எல்லாரும் சொல்கிறார்கள். நாங்கள் இத்தனை வருஷம் காத்திருந்ததும் அதற்காகத்தான். எங்கள் ஊரில் அன்றைக்கு ஒருத்தரும் அதைப் பார்க்கவில்லை.