கோழை உறிஞ்சிய முட்டை

அந்த ஞாயிற்றுக்கிழமை நாமகிரிப்பேட்டை பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. ஊருக்கு வெளியே தென்னந்தோப்பில் முட்டைச் சித்தர் இறங்கியிருந்தார். இமயத்திலிருந்து இறங்கினார் என்றது நோட்டீஸ். வெள்ளைக் காரிலிருந்து இறங்கியதைத்தான் ஜனங்கள் பார்த்தார்கள். ஆஸ்துமாக்காரர் நெஞ்சில் முட்டையை உருட்டுவார். கோழை முழுக்க முட்டைக்குள் போய்விடும். உடைத்தால் கன்னங்கரேலென்று ஒரு கட்டி விழும். உடனே கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

ஒரே நிபந்தனை. இன்ஹேலரை வாசல் அண்டாவில் போட்டுவிட வேண்டும், இனி அதைத் தொடவே கூடாது.

நாமக்கல் முட்டை வியாபாரி ரமேஷ்குமாருக்குப் பிடித்ததே அந்த நிபந்தனைதான். எட்டு வயது மகள் மோனிஷா தினமும் மருந்தை உறிஞ்சுவது அவருக்குப் பயமாக இருந்தது. பழகிப்போகும், எலும்பைத் தின்றுவிடும் என்று வாட்ஸ்அப்பில் படித்திருந்தார். டாக்டரைப் போய்க் கேட்டவள் மனைவி தெய்வநாயகி. பின்விளைவே இல்லாத மருந்து கிடையாது, ஆனால் இது துளியளவுதான், நேராக நுரையீரலுக்குப் போகிறது, உறிஞ்சியபின் வாயைக் கொப்பளித்தால் போதும், உயரத்தை அவ்வப்போது அளந்து பார்த்துக்கொள்வோம், நிறுத்தினால்தான் பேராபத்து என்றார் டாக்டர். வாட்ஸ்அப் இவ்வளவு நிதானமாகப் பேசுமா? அதனால் ரமேஷ்குமார் வாட்ஸ்அப்பையே நம்பினார்.

போன மாதம் சித்தரிடம் போனவர்களுக்குக் குணமாகியிருக்கிறதே என்பார் அவர். ஆஸ்துமா தானாக ஏறும், தானாகத் தணியும், தணிகிறபோது பக்கத்தில் நிற்பவன் பேர் வாங்கிக்கொள்வான் என்பாள் அவள்.

அப்படிப் பேசியவளே அன்று தோப்பு வாசலில் கேள்வி கேட்காமல் இன்ஹேலரை அண்டாவில் போட்டாள். இவ்வளவு சுலபமாக மசிகிறவள் இல்லையே என்று அவருக்கு உள்ளூர உதைத்தது.

உள்ளே ஒரே சாம்பிராணிப் புகை. ஆஸ்துமாக்காரர்களைக் கூட்டி உட்காரவைத்துப் புகை போடுகிற வைத்தியத்தை எந்த இமயத்தில் கற்றாரோ. மோனிஷாவின் நெஞ்சில் விசில் சத்தம் ஆரம்பித்தது. சித்தர் கூடையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து ரமேஷ்குமாரிடம் கொடுத்து, மகள் தலையைச் சுற்றித் தரச் சொன்னார்.

தெய்வநாயகி அவர் காதருகே குனிந்தாள். "ஏனுங்க, நம்ம கடையில வெளிச்சத்துல பாக்காம ஒரு முட்டை வாங்குவீங்களா?"

தொழில் பழக்கம் பொல்லாதது. கை தானாகவே செல்போன் டார்ச்சைப் போட்டு முட்டைக்கு அடியில் பிடித்தது. நல்ல முட்டையென்றால் உள்ளே செக்கச்செவேலென்று தெரியும். இதில் நடுவே கறுப்பாக ஒரு கட்டி. அடியில் ஊசித் துளை, அதன்மேல் ஒரு பொட்டு மெழுகு.

"இன்னும் நெஞ்சுல உருட்டவே இல்லீங்களே சாமி," என்றார் ரமேஷ்குமார். "எம்புள்ள கோழை அதுக்குள்ள எப்படிங்க இதுக்குள்ள போச்சு?"

தன் அருள் முன்கூட்டியே வேலை செய்யும் என்றார் சித்தர். பின்னால் நின்ற கோழிப்பண்ணைக்காரர் பெரியசாமி கூடையில் கைவிட்டு இன்னொரு முட்டையை எடுத்தார். பிறகு பத்துப் பதினைந்து டார்ச்சுகள் எரிந்தன. எல்லா முட்டையிலும் அதே கட்டி. மோசடி செய்வதற்கு உலகத்தில் எத்தனையோ பண்டம் இருக்க, நாமக்கல்காரனிடம் முட்டையைக் கொண்டுவந்து நீட்டியவரை என்ன சொல்வது? நழுவப் பார்த்தவரைக் கார்க் கதவருகே மடக்கியதும், ஊசியால் ஏற்றியது கரிப்பொடியும் மைதாவும் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

அதற்குள் மோனிஷாவுக்கு இழுப்பு முற்றிவிட்டது. பேச்சே வரவில்லை. ரமேஷ்குமார் ஓடிப்போய் அண்டாவுக்குள் இரண்டு கையையும் விட்டுத் துழாவினார்.

"அதுல போட்டது தீந்துபோனதுங்க," என்று தெய்வநாயகி கைப்பையைத் திறந்தாள். "இழுப்புக்குப் போடறது இங்க இருக்குது."

"மெல்ல இழு சாமி," என்றார் ரமேஷ்குமார். இந்தமுறை சாமி என்று அவர் கூப்பிட்டது மகளை. கொஞ்ச நேரத்தில் விசில் சத்தம் அடங்கியது. வெட்கத்தில் அவர் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. அண்டாவைச் சுற்றி அவரவர் இன்ஹேலரைத் தேடி ஒரு வரிசை நின்றது. அன்று அந்தத் தோப்பில் நடந்த ஒரே அற்புதம் அதுதான்.

சில்லறைக்கு வாங்கும் முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறோம். பிள்ளையின் மூச்சை ஒருவன் கையில் கொடுக்கும்போது மட்டும் ஏனய்யா விளக்கை அணைத்துவிடுகிறோம்?