செழியன் விலைக்கு வாங்கிய வாகன யோகம்

செழியன் ஒரு டிரக் வாங்கியே தீருவது என்று முடிவு கட்டிவிட்டான். அவன் முடிவு கட்டுவது அந்த வீட்டில் புதிதல்ல. கட்டியதை அவிழ்த்துவிடத்தான் மனைவி சண்முகப்ரியா இருக்கிறாளே.

இந்த ஆசைக்கு ஃபிரிஸ்கோவின் சாலைகள்தான் பொறுப்பு. சிக்னலில் நின்றால் இடப்பக்கம் ஒரு டிரக், வலப்பக்கம் ஒரு டிரக். லாரி இல்லை; முன்பாதி கார், பின்பாதி திறந்த தொட்டி என்று ஆள் உயரத்துக்கு நிற்கும் பிக்கப் டிரக். நடுவில் செழியனின் மினிவேன், பெரியவர்கள் பேசும் இடத்தில் மாட்டிக்கொண்ட பொடியன் மாதிரி நிற்கும். எதிர்வீட்டு க்ரிஷ் ஒரு பாக்கெட் பால் வாங்குவதற்கும் டிரக்கில்தான் போவான். அவன் அதில் ஏறுவதை செழியன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பான். மற்ற வண்டிகளில் குனிந்து உள்ளே போக வேண்டும். டிரக்கில் ஏறி அமரலாம். டெக்ஸாஸுக்கு வந்து இத்தனை வருஷத்தில் கிரீன் கார்டு வந்தது, வீடு வந்தது, கொஞ்சம் தொப்பையும் வந்தது. ஏறி அமரும் யோகம் மட்டும் வரவில்லை என்பது அவன் குறை.

ஆனால் சும்மா டிரக் வேண்டும் என்று கேட்க முடியுமா? ஒரு காரணம் வேண்டும். காரணத்தையும் அவனே கண்டுபிடித்தான். கேம்பிங் டிரெய்லர். கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் வைத்த குட்டி வீடு. அதை இழுக்க மினிவேனால் முடியாது. ஆகவே டிரக்!

சனிக்கிழமை காலை. சண்முகப்ரியா சோபாவில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் ஃபார்மசிஸ்ட். யாருடைய சீட்டையும் ஒருமுறைக்கு இருமுறை படிக்காமல் மாத்திரையைத் தரமாட்டாள். புருஷனையும் அப்படித்தான் படிப்பாள்.

"பிரியா, நாம ஒரு கேம்பிங் டிரெய்லர் வாங்கலாமா?"

"வாங்கி?"

"ஏரிக்கரை, காடுன்னு போய்த் தங்கலாம். பெட் இருக்கு, ஸ்டவ் இருக்கு, பாத்ரூம் இருக்கு."

"இங்கயுந்தான் இருக்குங்க."

"இது ஊர் ஊரா வரும்."

"அதுவாவா வரும்?"

"இல்ல... இழுக்கணும்."

"யாரு?"

"ஒரு டிரக்."

"ஓஹோ." மடித்த துணியைக் கீழே வைத்தாள். "டிரக் வேணும்னா டிரக் வேணும்னு சொல்லுங்க மாமா. எதுக்கு ஒரு வீட்டையே கூட்டிட்டு வர்றீங்க? அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்."

செழியன் மகளைத் துணைக்கு அழைத்தான். "வெண்பா, நீ சொல்லு கண்ணு. கேம்பிங் போலாமா?"

ஏழாம் கிளாஸ் படிக்கும் வெண்பா ஐபேடிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள். "வில் தேர் பி வைஃபை?"

வழக்கு தள்ளுபடி ஆயிற்று.

அன்று முழுக்க செழியன் யோசித்தான். சண்முகப்ரியாவை மறுபேச்சில்லாமல் தலையாட்ட வைக்கக்கூடிய ஒரே ஆள் பூமியில் யார்? கவுந்தப்பாடி குமாரசாமி ஜோசியர். வாட்ஸப்பில் அவர் வாய் திறந்தால் போதும், இங்கே வீட்டில் நாற்காலி இடம் மாறும். இந்த வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் நேரத்தைக்கூட ராகுகாலம் என்று தள்ளி வைத்தவள் அவள். டைட்டில் ஆபீஸ் அம்மாள் பயந்துபோய், "ராகு என்பவர் உங்கள் வக்கீலா?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை ஆபீஸ் பார்க்கிங்கில் மினிவேனுக்குள் உட்கார்ந்தபடியே செழியன் ஜோசியரைக் கூப்பிட்டான். அங்கே விளக்கு வைக்கும் நேரம்.

"ஐயா, செழியன் பேசறனுங்க. டெக்ஸாஸ்."

"சொல்லுங்க தம்பி. அம்மிணி சௌக்கியங்களா?"

"சௌக்கியமுங்க. ஞாயித்துக்கிழமை நாங்க கூப்பிடுவோம். அப்ப என் ஜாதகத்துல வாகன யோகம் இருக்குதுன்னு சொல்லோணும்."

"இருந்தாச் சொல்றனுங்க."

"இல்லாட்டியும் சொல்லோணும்."

ஜோசியர் ஒருமுறை செருமிக்கொண்டார். "எந்த மாதிரி வாகனமுங்க?"

"பெருசா, உசரமா, கறுப்பு கலர்லங்க. பின்னாடி ஒரு வீட்டையே இழுக்கற மாதிரி. நாலு கதவு."

"கதவுக் கணக்கெல்லாம் சாஸ்திரத்துல வராதுங்க தம்பி."

"சரி, கதவ விடுங்க. அப்பப்ப வீட்ட விட்டு வெளிய போய் ஏரிக்கரையில தங்கினா தோஷம் கழியும்னு ஒரு வார்த்தை போடுங்க. தட்சணைய இன்னைக்கே அனுப்பிடறேன்."

"அதுக்கென்னங்க!" என்றார் ஜோசியர். குரலில் குரு பார்வை அடித்தது.

ஞாயிறு காலை. ஸ்பீக்கரில் ஜோசியர். செழியன் ஒன்றும் தெரியாத அப்பாவியாக இட்லியைச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தான். ஜோசியர் வாங்கின தட்சணைக்கு மேலேயே உழைத்தார். சனி பத்தாம் இடத்தைப் பார்க்கிறான் என்றார். உத்தியோகத்துக்கு ஆபத்து என்றார். இந்த வேலை ஆபத்து செழியன் சொல்லிக் கொடுத்ததில்லை. அவராகச் சேர்த்துப் போட்ட கொசுறு. தோய்த்த இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டான்.

"பரிகாரம் என்னங்க ஐயா?" என்றாள் சண்முகப்ரியா.

"பெரிய வாகனமா ஒண்ணு வாங்கோணும் அம்மிணி. கறுப்பா இருந்தா விசேஷம். அது பின்னாடி ஒரு வீடே வரோணும். அந்த வீட்டுல போயி தண்ணி ஓரமாத் தங்கோணும். வனவாசம் மாதிரி வெச்சுக்குங்களேன். சனி பகவான் அதோட விட்டுருவாரு."

"ஐயா சொன்னாச் சரிங்க. வாங்கிடறோம்."

அவ்வளவுதான். ஒரு கட்டு வெந்தயக்கீரை வாங்குவதற்குள் கடைக்காரனிடம் ஊர்க்கேள்வி கேட்பவள், ஒரு கேள்வியும் கேட்கவில்லை. செழியன் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் அவன் மனசு அப்போதே டிரக்கில் ஏறி அமர்ந்துவிட்டிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக மனைவியை ஜெயித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் இன்னும் ரெண்டு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

டீலர்ஷிப்புக்குப் போனார்கள். கௌபாய் தொப்பி வைத்த சேல்ஸ்மேன் செழியனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். செழியன் இரண்டு மாதமாக மனப்பாடம் செய்து வைத்திருந்த கேள்வியை எடுத்துவிட்டான். "இது எவ்வளவு எடையை இழுக்கும்?" சேல்ஸ்மேன் ஒரு பெரிய எண்ணைச் சொன்னார். செழியன் அந்த வண்டியைத் தானே பெற்ற மாதிரி பெருமையாகத் தலையாட்டினான்.

சண்முகப்ரியா பேசாமல் போய் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தாள். கதவு ஓரத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் குனிந்து படித்தாள்.

"மாமா, இது ஆகாதுங்க. பேலோடு பத்தாது."

"அவர்தான் இவ்வளவு இழுக்கும்னு சொல்றாரே!"

"இழுக்கறது வேற, சுமக்கறது வேற. டிரெய்லரோட மூக்கு டிரக் மேலதான வந்து உக்காரும்? அந்த வெயிட்டு, நாம மூணு பேரு, உங்க ஐஸ் பொட்டி, தோசைக்கல்லு, கிரைண்டரு எல்லாத்தையும் டிரக்குதான் சுமக்கோணும்."

"கேம்பிங்குக்குக் கிரைண்டர் எதுக்கு?"

"பின்ன, மாவுக்கு?"

சேல்ஸ்மேனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஸ்டிக்கரை யார் படித்தார்கள் என்று தெரியும். அவர் அவள் பக்கம் திரும்பினவர்தான், அப்புறம் செழியன் பக்கம் திரும்பவேயில்லை.

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?" என்று செழியன் காதோடு கேட்டான்.

"லஞ்ச் டைம்ல யூட்யூப் பாப்பனுங்க."

கடைசியில் செழியன் ஆசைப்பட்டதைவிடவும் ஒரு சைஸ் பெரிய டிரக் கிடைத்தது. கறுப்பு. ஏறுவதற்குப் படி வைத்தது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. யார் பெயரில் எழுதுவது என்று சேல்ஸ்மேன் கேட்டபோது, "என் பேர்லயே இருக்கட்டும் மாமா. சனி உங்களத்தான பாத்துட்டிருக்காரு" என்றாள். செழியன் பெருந்தன்மையாகச் சரி என்றான். பெயர் காகிதத்தில்தானே இருக்கப் போகிறது, ஸ்டியரிங் தன் கையில் அல்லவா இருக்கும் என்று கணக்குப் போட்டான். டீலர் ஆளே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்தினார். பூஜை போடாமல் எடுக்கக்கூடாது என்பதால் ஒரு வாரம் செழியன் அதைத் துடைத்துக்கொண்டு மட்டும் இருந்தான்.

பூஜை நாள். கோயில் வரைக்கும் அவளே ஓட்டி வந்தாள். பூஜைக்கு முன்னால் தோஷக்காரர் தொட வேண்டாம் என்றாள். அதிலும் ஒரு நியாயம் இருப்பதாக செழியனுக்குப் பட்டது. ஹனுமான் கோயில் வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன. குருக்கள் ஸ்டூல் போட்டு ஏறித்தான் மாலை சாத்த வேண்டியிருந்தது. அந்த டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழங்கள் கோலிக்குண்டு மாதிரி கிடந்தன. கற்பூரம் காட்டியாயிற்று. இனி வண்டிக்காரர் ஏறி, பழங்களை நசுக்கிக்கொண்டு புறப்பட வேண்டியதுதான். செழியன் புதுச் சட்டை, நெற்றியில் செந்தூரம் சகிதம் சாவிக்காகக் கை நீட்டினான்.

"மாமா, ஒரு நிமிஷங்க. நேத்து ஐயா கூப்பிட்டாருங்க."

"எந்த ஐயா?"

"ஜோசியரய்யாதான். அன்னைக்கு ஒண்ணச் சொல்ல விட்டுப்போச்சாம். கறுப்பும் சனியோடது, இரும்பும் சனியோடதாம். வண்டி வீட்டுக்கு வந்ததே நல்லதாம். ஆனா தோஷம் தீர்ற வரைக்கும் நீங்க ஸ்டியரிங்கத் தொடவே கூடாதுன்னுட்டாருங்க."

"மூடநம்பிக்கை!" என்று செழியன் கத்திவிட்டான்.

கோயில் வாசல். கையில் தேங்காயோடு நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். குருக்கள் ஸ்டூலிலிருந்தே பார்த்தார்.

"அப்படீங்களா?" சண்முகப்ரியா சாந்தமாகக் கேட்டாள். "அப்ப அந்த வாகன யோகமும் மூடநம்பிக்கைதானுங்களே? டிரக்கத் திருப்பிக் குடுத்துடலாமுங்களா?"

செழியன் வாயைத் திறந்தான். ஜோசியர் புளுகுகிறார் என்று சொல்லலாம். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். அதற்கு என்ன சொல்வது? நான்தான் காசு கொடுத்துப் புளுகச் சொன்னேன் என்பதா? ஜோசியர் சொல்வது நிஜம் என்றாலோ சாவி போச்சு. எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் அடி அவனுக்குத்தான். நீட்டிய கையை மடக்கிக்கொண்டான்.

"இல்ல... ஐயா சொன்னாச் சரிதான்."

சண்முகப்ரியா புடவையைச் சற்றே தூக்கிக்கொண்டு படியில் கால் வைத்து ஏறினாள். ஏறி அமர்ந்தாள். எலுமிச்சம்பழங்கள் ஒவ்வொன்றாகச் சப்பென்று நசுங்கின.

டிரெய்லரும் வந்தது. முதல் வனவாசத்துக்கு ஒரு ஏரிக்கரைப் பூங்காவைப் பிடித்தார்கள். ஃப்ரீவேயில் அவள் குளிர்க்கண்ணாடி போட்டுக்கொண்டு, பின்னால் ஒரு வீட்டையே இழுத்துக்கொண்டு, அலட்டிக்கொள்ளாமல் போனாள். செழியனுக்கு மேப் பார்ப்பது, முறுக்கு உடைத்துத் தருவது ஆகிய பொறுப்புகள். தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை வழி நெடுக மிதித்துக்கொண்டே வந்தான்.

"மாமா, கால் வலிக்கப் போகுதுங்க" என்றாள்.

இருந்தாலும் ஒரு நம்பிக்கை அவனுக்கு மிச்சம் இருந்தது. டிரெய்லரை ரிவர்ஸ் எடுப்பது பெரிய வித்தை. ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் டிரெய்லர் வலப்பக்கம் போகும். அதில் கட்டாயம் திணறுவாள். சனியாவது கினியாவது, நீங்களே வந்து எடுங்க என்று இறங்கிவிடுவாள். பூங்காவில் இவர்களுக்கு ஒதுக்கிய இடம் இரண்டு மரங்களுக்கு நடுவே குறுகலாக இருந்ததைப் பார்த்ததும் அவன் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இறங்கிப் பின்னால் போய் நின்றான்.

"லெஃப்ட்டு! லெஃப்ட்டு! ஐயோ, ரைட்டு! நிறுத்து! மரம்! மர..."

அவன் மரம் என்று சொல்லி முடிப்பதற்குள் டிரெய்லர் வழுக்கிக்கொண்டு வந்து கோடு போட்ட மாதிரி நின்றுவிட்டது. பக்கத்து இடத்தில் நாற்காலி போட்டிருந்த வெள்ளைக்காரத் தாத்தா எழுந்து நின்று கை தட்டினார். வெண்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அம்மா, தட் வாஸ் சோ கூல்!" என்றாள்.

"எங்க கத்துக்கிட்ட?" என்றான் செழியன்.

"எதிர்வீட்டு க்ரிஷ் அண்ணன் டிரக்குல படகை டிரெய்லரோட இழுத்துட்டு வந்தா, நாந்தானுங்களே ஏறி உக்காந்து ரிவர்ஸ் எடுத்துக் குடுப்பேன். அண்ணனுக்கு வராதுன்னு அவரு சம்சாரம் ஷ்யாமளா அக்கா என்னத்தான் கூப்பிடுவாங்க."

"நான் பார்த்ததே இல்லையே!"

"நீங்க டிரக்கத்தான பாப்பீங்க மாமா. உள்ள யாருன்னு எங்க பாத்தீங்க?"

அவள் இறங்கி, டயர்களை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, பானெட்டைத் தட்டிக்கொடுத்தாள். முகமெல்லாம் சிரிப்பு. இவளை இவ்வளவு குஷியாகப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று செழியனுக்குத் தோன்றியது. நிஜமாகவே பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் பெருமை நெஞ்சோடு நின்றுவிட்டது. கை மட்டும் ஸ்டியரிங்கைப் பிடிக்க அரித்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை அம்மாவும் மகளும் டிரக்கில் ஏரியைச் சுற்றிவரக் கிளம்பிப் போனார்கள். சட்னியும் தோசையும் செழியன் தலையில். அரை மணி நேரம் பொறுத்தான். அப்புறம் கரண்டியும் கையுமாகத் தண்ணீர் ஓரம் போய் கவுந்தப்பாடிக்குப் போன் போட்டான்.

"ஐயா, ஸ்டியரிங்கத் தொடக்கூடாதுன்னு நான் உங்கள சொல்லச் சொன்னனுங்களா?"

"இல்லீங்க தம்பி."

"பின்ன ஏனுங்க சொன்னீங்க?"

"எல்லாம் கெரகமுங்க."

"சரிங்க, போனது போகட்டும். சண்டைக்கு வரலீங்க. இந்தத் தோஷம் எப்பத்தான் தீரும்? ஒரு தேதியாச்சும் சொல்லுங்க."

அந்தப் பக்கம் ஒரு செருமல் கேட்டது. அப்புறம் ஜோசியர் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

"அத அம்மிணி இன்னும் சொல்லலீங்களே தம்பி."