கசாந்தா கயிற்றடியில் போன பரிசம்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாமா மகோனி அவர்களுக்கு, மருமகன் ஷாட்ரெக் முழங்கால் மடித்து, கை தட்டி வணங்கி எழுதிக்கொள்வது. நீங்கள் நலமென்றால் நானும் நலம். அத்தையின் முதுகுவலி தேவலையா? மாடுகள் எப்படி? அங்கே மழை இறங்கியதா? இங்கே சாம்பேசிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் மழையும் இல்லை, காற்றும் இல்லை. என் லாரி உர மூட்டைகளோடு வரிசையில் நிற்கிறது. பதற வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பதறவில்லை.

நம் குட்ஸாய்க்குப் பரிசம் கொண்டுபோகும் தூது வேலையை, எப்படியும் அந்த வழியாகத்தானே லாரி போகிறது, பஸ் காசு மிச்சம் என்று சொல்லி என் தலையில் கட்டினீர்கள். சரி, மனைவியின் தம்பி, செகாய் இல்லாவிட்டால் செத்துப்போவேன் என்று சோளக்களியைக்கூடத் தொடாமல் கிடக்கிறான், நாம் செய்யாமல் யார் செய்வது என்று நானும் ஒத்துக்கொண்டேன். கிளம்பும்போது நீங்கள் சொல்லி அனுப்பியது எனக்கு ஒரு எழுத்து விடாமல் நினைவிருக்கிறது. கசாந்தாவில் ஆனைப்புளிய மரத்தடியில் பெண் வீட்டார் கயிறு கட்டி வழி மறிப்பார்கள், வாயைத் திறக்கப் பணம், உள்ளே வரப் பணம், மகள் சின்ன வயதில் அப்பா தாடியைப் பிடித்து இழுத்ததற்குக்கூடப் பணம் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள், முகம் சுளிக்காதே, மண்டி போடு, கை தட்டு, கேட்டதைக் கொடு என்றீர்கள். கசாந்தாவில் ஆனைப்புளிய மரம் இரண்டு இருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை, மாமா. குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் மரத்தடியில் கயிறு இருந்தது. பக்கத்தில் மடக்கு நாற்காலியில் தொப்பி போட்ட ஒரு பெரியவர், சாந்தமான முகம். நான் லாரியை ஓரங்கட்டி, இறங்கி, புழுதியில் மண்டி போட்டுக் கை தட்டினேன். மனிதர் ஒரு கணம் திகைத்தார். பிறகு, ஊருக்குள் வரக் கட்டணம் உண்டு என்றார். கொடுத்தேன். நிற்பதற்குக் கட்டணம் என்றார். கொடுத்தேன். புழுதி கிளப்புவதற்குக் கட்டணம் என்றார். அடடா, இது புதிதாக இருக்கிறதே, சம்பந்தி வீட்டார் கற்பனை உள்ளவர்கள் என்று எண்ணி, புழுதிக்கு இது போதுமா என்று கேட்டு இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தேன். தாடிக்கு எதுவும் கேட்கவில்லையே என்று நானே ஞாபகப்படுத்தினேன். மழமழவென்று மழித்த தாடையைத் தடவிக்கொண்டார். கடைசியில், பெண்ணின் அப்பாவுக்கென்று நீங்கள் ஹராரேயில் பார்த்துப் பார்த்து வாங்கிய கம்பளிக் கோட்டையும் ரப்பர் பூட்சையும் இரண்டு கையாலும் நீட்டினேன். அப்போதுதான் அவர் கட்டணம் தவிர வேறு பேச்சுப் பேசினார்.

"இது எங்க பட்டியல்ல இல்லீங்க. ஆனா பெரிய மனசோட குடுக்கிறீங்க, வேண்டாம்னு சொன்னா நல்லா இருக்காது."

அவர் நகரமன்றத்து ஆள். எல்லை தாண்டும் லாரிகளிடம் வசூலிக்கப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள், சீருடை இன்னும் தைத்து வரவில்லையாம். எனக்கு இது அப்போது எப்படித் தெரியும், சொல்லுங்கள்? கயிற்றைத் தூக்கிவிட்டுப் பயணம் நல்லபடி அமையட்டும் என்று வாழ்த்தினார். பெண் எங்கே என்று கேட்டேன். எந்தப் பெண் என்றார். வெட்கப்படுத்தி விளையாடுகிறார்கள், வீடு இன்னும் உள்ளே இருக்கும்போல என்று நினைத்து லாரியைக் கிளப்பினேன்.

இரண்டாவது மரத்தடியிலும் கயிறு. இரண்டு வாலிபர்கள், அதில் ஒருவன் சாலைவேலைக்காரர்கள் போடும் மஞ்சள் சட்டை போட்டிருந்தான். நகரமன்றத்து ஆள் மஞ்சள் சட்டையில்தான் வருவான், ஏமாந்துவிடாதே என்று என் ஒன்றுவிட்ட தம்பி கிவ்மோர், அவனும் இதே பாதையில் லாரி ஓட்டுபவன், போனில் எச்சரித்திருந்தான். உள்ளே வர ஏதாவது வைக்க வேண்டாமா என்று பையன் சிரித்துக்கொண்டு கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. லாரியைவிட்டு இறங்கவே இல்லை. மேலிருந்தபடியே பொரிந்து தள்ளினேன்.

"எல்லைக்குப் போற வண்டியை மடக்க நீங்க யாருடா? வரி கட்ட வேண்டிய இடத்துல கட்டியாச்சு. மரத்துல கயித்தைக் கட்டிட்டுக் கையை நீட்டுறதுக்கு வெக்கமா இல்ல? இந்தத் தெருவுல இருக்கிற எதுவும் எனக்கு வேண்டாம், வழியை விடு."

அவர்கள் செகாயின் தாய்மாமன்கள், மாமா. எதுவும் வேண்டாமாம் என்று உள்ளே ஒரு பெண் குரல் அழுதது. மாமரத்தடியில் உட்கார்ந்திருந்த பெண்ணின் அப்பா, சிமொம்பே, மெதுவாக எழுந்து வந்தார். நான் லாரியிலிருந்து இறங்கவில்லை, விழுந்தேன். மண்டி போட்டேன், கை தட்டினேன், கொடுப்பதற்குக் கையில் ஒன்றும் இல்லை. நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. அவருக்கும் இரண்டு லாரி பாலம் தாண்டி ஓடுகிறதாம்.

"நீ திட்டினது என் மச்சினனுங்களை. ஆனா திட்டு நல்லாத்தான் இருந்துச்சு. வியாழக்கிழமை நகரமன்றம் கூடுது. அதையே அங்க வந்து சொல்லு. அந்தக் கயித்தை அவுக்க வச்சுட்டேன்னா கோட்டும் வேண்டாம், பூட்சும் வேண்டாம், பொண்ணைக் கூட்டிட்டுப் போ. இல்லேன்னா கோட்டோட வா."

போனேன். லாரிக்காரர்கள் அத்தனை பேரும் பின்னால் நின்றார்கள். நானும் குறை வைக்காமல் பேசினேன், இவ்வளவு பிடுங்கினால் பிழைப்பது எப்படி என்று கேட்டேன், கைதட்டல்கூட விழுந்தது. ஓரத்தில் அந்தப் பெரியவர் நம் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு அந்த வெயிலில் வேர்த்து ஊற்ற உட்கார்ந்திருந்தார். மன்றத் தலைவி அம்மாள் அவரைப் பார்த்து என்ன சொல்கிறீர் என்றார். பாவம், அவருக்குப் பொய் வராது.

"இவர் மண்டி போட்டுக் குடுத்தாரும்மா. புழுதிக்கு இது போதுமான்னு கேட்டுச் சேத்துக் குடுத்தாரு. கேக்காததையும் குடுத்தாரு."

தலைவி அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, லாரிக்காரர்களுக்குக் கட்டணம் நன்றாகவே கட்டுப்படியாவது இன்று தெரிந்தது, அடுத்த மாதத்திலிருந்து இருமடங்கு என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வரிசையில் எவனும் என்னோடு பேசுவதில்லை. டீ விற்கும் அம்மாகூட என்னைத் தாண்டிப் போய் அடுத்த லாரிக்கு ஊற்றுகிறாள். சிமொம்பே, கோட்டு இல்லாமல் பெண் இல்லை என்று எல்லார் காது கேட்கவும் சொல்லி வாசலைச் சாத்தினார். செகாய் அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து எனக்கு மனசு பொறுக்கவில்லை, மாமா. வரும் வழியெல்லாம் அழுதேன்.

ஆகவே காரியம் கெட்டது. குட்ஸாயிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், முதலில் வயிறாரச் சாப்பிட வைத்துவிட்டுச் சொல்லுங்கள். இனி எந்தத் தூதுக்கும் என்னைக் கூப்பிடாதீர்கள். உங்கள் முன்னோர்கள் வீட்டைக் காக்கட்டும், மாடுகள் பெருகட்டும், அத்தையின் முதுகு நிமிரட்டும்.

என்றும் பணிவுள்ள மருமகன்,
ஷாட்ரெக்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது லாரிக் கதவை யாரோ தட்டினார்கள். மூட்டையோடு செகாய். "கோட்டுதான் வரல. நான் போகலாமில்லண்ணா?" என்றாள். எட்டத்தில் கரையான் புற்றுக்குப் பக்கத்தில் அவள் அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, இல்லாத மாட்டைத் தேடிக்கொண்டிருந்தார். உங்கள் பக்கம் திரும்பும் கிவ்மோர் லாரியில் அவளை ஏற்றி, முதல் கயிறு தாண்டும்வரை நானும் கூடப் போனேன், இதை அங்கே நின்றுதான் எழுதுகிறேன். முதல் கயிற்றடியில் பெரியவர் எட்டிப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், ஒரு காசும் கேட்காமல் கயிற்றைத் தானே தூக்கிப் பிடித்தார். பூட்ஸ் அளவு சரியாக இருக்கிறதாம், உங்களிடம் சொல்லச் சொன்னார். ஓடிவந்த பெண் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள் என்று முறைப்படி போய்ச் சொல்பவனைப் பெண் வீட்டார் கம்பெடுத்துத் துரத்துவார்கள் அல்லவா, அதற்கு வேறு ஆளைப் பாருங்கள். இந்தக் கடிதத்தை உங்களிடம் கொடுத்துவிட்டு வாசலில் நிற்பவள் அவள்தான். படித்தது போதும் மாமா, பிள்ளையை உள்ளே கூப்பிடுங்கள்.