முப்பத்தோரு வருசக் கொழுக்கட்டைத் திருட்டு

ரெட்டியார்சத்திரம்,
தை 15, வியாழன்.

கீரனூர் மதினி மகேஸ்வரி அவர்களுக்கு, உங்கள் தங்கை பஞ்சவர்ணத்தின் வீட்டுக்காரன் மூக்கையா கும்பிட்டு எழுதுவது. இங்கே நானும் மகள் தீபாவும் சுகம். அங்கே உங்கள் சுகமும், சகலையின் முழங்கால் வலி எந்த மட்டில் இருக்கிறது என்பதும் அறிய ஆவல். போன் இருக்க இவன் ஏன் கடுதாசி போடுகிறான் என்று நினைப்பீர்கள். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் வெங்காயம் உரிப்பீர்கள். நான் சொல்லப்போவது சகலை காதில் விழக்கூடாத சங்கதி. ஆம்பளை வாயால் சொல்லவே கூடாத சங்கதி.

முந்தாநாள் செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டில் ஔவை நோன்பு. பஞ்சவர்ணம் போய் வருசம் திரும்பிய பிறகு வந்த முதல் தை. அம்மா விடாமல் கும்பிட்டதைத் தானும் விடமாட்டேன் என்று தீபா திருப்பூரிலிருந்து லீவு போட்டு வந்து, பச்சரிசி ஊறவைத்து, மாவு திரித்து, பக்கத்து வீட்டு மூக்காயி அக்காவோடு இன்னும் மூன்று பெண்களைக் கூட்டிக்கொண்டு, என்னை மொட்டைமாடிக்கு விரட்டினாள். "அப்பா, விடியிற வரைக்கும் கீழ தல காட்டாதீங்க. ஆம்பள கண்ணுல கொழுக்கட்டை படக்கூடாது, தெரியும்ல?"

தெரியாமல் என்ன மதினி! கட்டிக்கொண்டு வந்த முதல் வருசமே, நீங்கள் சொல்லிக்கொடுத்ததாக உங்கள் தங்கை சொல்லிவிட்டாள். ஆம்பளை பார்க்கக்கூடாது, தின்னக்கூடாது, என்ன சாமி, என்ன கதை என்று கேட்கவும் கூடாது. தெரிந்தேதான் தின்றேன். முப்பத்தோரு வருசம் தின்றேன். பஸ்ஸில் கண்டக்டராக இருந்த காலம் முழுக்க டிக்கெட் எடுக்காத ஒருத்தரையும் நான் விட்டதில்லை. அந்த மனுசன் சொந்த வீட்டில் திருடன். பின்கட்டுச் சன்னலில் ஒரு தட்டு இருக்கும், அதன்மேல் இன்னொரு தட்டு கவிழ்த்திருக்கும். உள்ளே ஆறு கொழுக்கட்டை. பெண்களெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கதை கேட்கும்போது நான் வெளியிலிருந்து கையை விட்டு மூன்று எடுப்பேன், சந்தேகம் வராத மாதிரி. தேங்காய்ப்பல், கடுகு தாளித்தது, உப்பு அளவாக. அம்புட்டு ருசி. காய்க்காரனிடம் வெண்டைக்காயை எண்ணி வாங்குகிறவள், இதை மட்டும் எண்ண மாட்டாள் என்று எனக்கு ஒரு அசட்டுத் தைரியம்.

இந்த வருசம் திருடக்கூடாது என்றுதான் படுத்தேன். சாமி சத்தியம். ஆனால் அவள் இல்லாத வீட்டில் கொழுக்கட்டை வேகிற வாசம் மாடிவரைக்கும் வந்தால் நான் என்ன செய்வேன்? எழுந்து போனேன். சன்னலில் கையை விட்டால் வெறும் விளிம்பு. தட்டே இல்லை. மதினி, அவளைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக்கூட வீடு எனக்கு அப்படிக் காலியாகத் தெரியவில்லை. என்ன புத்தியோ, பின்வாசல் வழியாக அடுப்படிக்குள் நுழைந்து, இட்லிச் சட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். சப்பென்று இருந்தது. உப்பு இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் மாவு. சாமி என் நாக்கைப் பறித்துவிட்டது என்று நடுங்கிப்போய் மூடியைக் கீழே விட்டேன்.

உள்ளே இருந்து மூக்காயி அக்கா, "யாரது அடுப்படியில? பூனையா?" என்றாள்.

பதட்டத்தில் "ஆமா" என்று சொல்லித் தொலைத்தேன்.

ஐந்து பேரும் வந்து நின்றார்கள். என் கன்னம் உப்பியிருந்தது. "அடப்பாவி மனுசா, பொம்பளைக விரதத்தைக் கெடுத்துப்புட்டியே!" என்று மூக்காயி அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். தீபா மாவுக் கையோடு குனிந்து மூடியை எடுத்து இட்லிச் சட்டியை மூடினாள். திட்டியிருந்தால் தேவலை.

ஊறுகாயை நக்கிப் பார்த்தேன், உப்புக் கரிக்கிறது. அப்படியென்றால் நாக்கில் குறையில்லை, சாமிதான் கொழுக்கட்டையில் ருசியை எடுத்திருக்கிறது. நேற்றெல்லாம் சோறு இறங்கவில்லை. உங்கள் தங்கை ஒவ்வொரு தையிலும் என் ஆயுசுக்காகக் கும்பிட்டாள். நான் கல்லு மாதிரி இருக்கிறேன், அவள் ஐம்பத்திநாலில் போய்விட்டாள். அவள் சாமிக்கு வைத்ததைத் தின்று தின்று நானே அவளை எமனிடம் கொண்டுபோய் விட்டேனா? இதை நான் வேறு யாரிடம் கேட்பேன்? நோன்பைக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள். பரிகாரம் இருந்தால் சொல்லுங்கள், முடி இறக்கச் சொன்னாலும் பழனிக்கு நடந்தே வாரேன். பரிகாரம் இல்லையென்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

சகலைக்கு என் கும்பிடு. பேரப்பிள்ளைகள் நூறு வயது நிறைந்து இருக்கட்டும். உங்கள் கை பட்ட திருநீறு கொஞ்சம் பதில் கடுதாசியில் மடித்து அனுப்பவும்.

இப்படிக்கு,
பாவி மூக்கையா.

பின்குறிப்பு: கீரனூர் பின்கோடு கேட்கப்போய்க் கடுதாசி தீபா கையில் சிக்கிவிட்டது. முழுக்கப் படித்தாள். சிரித்தாள், அப்புறம் அழுதாள். "அப்பா, நோன்புக் கொழுக்கட்டைக்கு உப்பே போடக்கூடாதுப்பா. நீங்க தின்னது நோன்புக் கொழுக்கட்டையே இல்ல. அம்மா சாயங்காலமே தனியா ஒரு கை மாவு எடுத்து, உப்புப் போட்டு, தாளிச்சு, சன்னல்ல வச்சிருவாங்க. யாருக்கும்மான்னு கேட்டா, பூனைக்கும்பாங்க. நம்ம வீட்டுல ஏதுப்பா பூனை?" என்றாள். ஆகையால் மதினி, மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். முப்பத்தோரு வருசமும் நான் திருடவே இல்லை, எனக்கென்று வைத்ததைத்தான் தின்றிருக்கிறேன். முதல் திருட்டு இந்தச் செவ்வாய்க்கிழமைதான், அந்த ஒன்றுக்கு மட்டும் பரிகாரம் எழுதவும். வருகிற செவ்வாய் தீபா மறுபடி கும்பிடுகிறாள். சன்னலில் தட்டு வைக்கட்டுமா என்று கேட்டாள். வை தாயி என்றேன்.