நாற்காலி மேல் நின்ற வாழைமரம்

சிறு விவசாயிகள் புதிய ரகங்களுக்கு ஏன் மாறுகிறார்கள் என்று கேட்டால், விளைச்சல், நோய் எதிர்ப்பு என்று நான் மூச்சுவிடாமல் பேசுவேன். அதுதான் என் பிழைப்பு. ஆனால் என் முதல் வாடிக்கையாளரான தாய்மாமன் மாறியதற்குக் காரணமே வேறு. அவர் எனக்குப் பெண் கொடுக்க வேண்டியிருந்தது.

அப்போது நான் ஒரு நாற்றுப் பண்ணையில் விற்பனைக்காரன். முனியாண்டி மாமா பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம், பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய நிலத்தில் வாழை போட்டிருந்தார். எல்லாம் நெட்டை மரங்கள். சுற்றுவட்டாரத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் வாசலில் கட்டுகிற வாழைமரம் அவர் நிலத்திலிருந்துதான் போகும். அதில் அவருக்கு அப்படியொரு பெருமை.

ஞாயிறு தவறாமல் போய்க் குட்டை வாழையின் மகிமையை விளக்குவேன். (மாமா மகள் யோகா தேத்தண்ணி கொண்டுவரும்போது என் குரல் தானாகவே உயரும்.) மாமா கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவார். திடீரென்று ஒரு ஞாயிறு, "சரி மாப்ள, வச்சிருவோம்" என்றார்.

என் பேச்சு பலித்துவிட்டது என்று பண்ணை முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். முந்தின நாள்தான் என் அம்மா போய்ப் பெண் கேட்டுவிட்டு வந்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது. ("பொண்ணயே குடுக்குறோம், கன்னு வைக்கிறதுக்கு என்னா?" என்றாராம் மாமா.) பாதி நெட்டை இருக்கட்டுமே என்று அவர் கெஞ்சியும், "அரைகுறையா செஞ்சா பலன் இல்ல மாமா" என்று எல்லாவற்றையும் வெட்டவைத்தேன். பெரிய மேதை!

அடுத்த வருடம் கல்யாணம். கோயில் மண்டபத்து வாசலோ லோரி நுழைகிற உயரம். வேறு எங்காவது மரம் வாங்கலாம் என்றார்கள். "எம் மக கல்யாணத்துக்கு அடுத்தவன் மரமா?" என்று மாமா ஒரே பிடிவாதம். கட்டிப் பார்த்தால் தண்டு என் தோளுக்குத்தான் வந்தது. தார் தரையில் இடித்தது. வேறு வழியில்லாமல் இரண்டு பக்கமும் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அதன் மேல் மரத்தை ஏற்றினார்கள்.

மாலையும் தலைப்பாகையுமாகக் காரிலிருந்து இறங்கினேன். என் சித்தப்பா முந்திக்கொண்டார்.

"என்னா மச்சான், பன்னீர் தெளிக்கிற புள்ளைங்களோட இதயும் நிக்க வச்சிட்டீங்களா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் மரம் கொடுத்த மாமா, சொந்த மகள் கல்யாணத்தில் தலைகுனிந்து நின்றார். அவர் மானத்தைக் காப்பாற்ற வேண்டும். பாழாய்ப்போன வாய்க்குத் தெரிந்தது ஒரே வித்தைதான். வாசலிலேயே விற்பனையை ஆரம்பித்தேன்.

"குட்டைனு பாக்காதீங்க சித்தப்பா, எப்பேர்ப்பட்ட காத்துக்கும் சாயாது!" என்று மரத்தை ஒரு தட்டுத் தட்டினேன்.

நாற்காலியின் கால் மடங்கியது. மரம் தாரோடு என் மேல் சாய்ந்தது. தலைப்பாகை ஒருபக்கம், நான் ஒருபக்கம். நாதஸ்வரம் பாதியில் நின்றது. என்னவோ ஏதோ என்று எட்டிப்பார்த்த யோகா, மணக்கோலத்தில் இருப்பதையும் மறந்து வாய்விட்டுச் சிரித்தாள். மகள் சிரித்ததும் மாமாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

என்னைத் தூக்கிவிட வந்த, செரண்டா ஊர் அத்தை, பாதியிலேயே என்னை விட்டுவிட்டுத் தாரைத் தடவிப் பார்த்து மாமாவிடம் திரும்பினார்.

"ஏணி வேணாம், ஆள் வேணாம், நானே நின்னுக்கிட்டு வெட்டிக்கலாம் போல லா! கன்னு இருக்காண்ணே?"

பந்தி முடிவதற்குள் மாமாவிடம் கன்று கேட்டு ஒரு கும்பலே கூடிவிட்டது. நான் பேசியபோது ஒருவரும் மாறவில்லை. விழுந்தபோது மாறினார்கள்.

மாமா இப்போது வேலியோரம் மறுபடியும் நெட்டை வைத்திருக்கிறார், கல்யாணங்களுக்கு மட்டும். எந்த மண்டபத்துக்குப் போனாலும் யோகா வாசலிலேயே ஆரம்பித்துவிடுவாள்: "ஏங்க, அந்த மரத்தக் கொஞ்சம் புடிச்சுக்குங்க." எதற்கு வம்பு என்று நானும் போய்ப் பிடித்துக்கொள்கிறேன்.