பலா மரத்தடியில் சென்னைப் பிரியா

பிள்ளைகளை வேவு பார்க்க நினைக்கும் பெற்றோருக்கு என்னைவிடப் பெரிய எச்சரிக்கைப் பலகை ஜமுனாமரத்தூர் வட்டாரத்தில் கிடையாது.

மகள் கவிதாவுக்குப் போன் வாங்கிக் கொடுத்த புதிது. பள்ளியில் பெற்றோர் கூட்டம் போட்டு, "முன்பின் தெரியாதவங்க போன்ல பேச்சு குடுப்பாங்க, போட்டோ கேப்பாங்க. பிள்ளைங்ககிட்ட மனசுவிட்டுப் பேசுங்க" என்றார் டீச்சர். பேசுவதா? நானா? (அப்போது எனக்குள் ஒரு துப்பறியும் அதிகாரி குடியிருந்தார்.) ரோஜாப்பூ படம் வைத்து, 'பிரியா, சென்னை' என்று ஒரு போலிக் கணக்கு தொடங்கினேன். கவிதா ஏமாந்தால் போனைப் பிடுங்கிப் பீரோவில் பூட்டிவிடுவதாக முடிவு.

திட்டத்தில் ஒரு சின்ன ஓட்டை. எங்கள் மலைக் கிராமத்தில் சிக்னல் கிடைப்பது சாலைத் திருப்பத்துப் பலா மரத்தடியில் மட்டும்தான். சாயங்காலமானால் ஊரே அங்குதான் போனும் கையுமாக நிற்கும். கவிதா மரத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். சென்னைப் பிரியா அந்தப் பக்கம், லுங்கியோடு.

'ஹாய்! எந்த ஸ்கூல்? வீடு எங்கே?' என்று அனுப்பினேன். அடுத்து, 'உன் போட்டோ அனுப்பேன்' என்றேன். அனுப்பித் தொலைத்துவிடுவாளோ என்று மரத்தோரமாக எட்டி எட்டிப் பார்த்தேன்.

கவிதா எழுந்து, பக்கத்தில் தன் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்த என் மனைவி சந்திராவிடம் போனாள்.

"அம்மா, யாரோ பிரியாவாம். வூடு எங்க, போட்டோ அனுப்புன்றா. இன்னா பண்றது?"

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அப்போதே நடையைக் கட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். அதற்குள் சந்திரா மகளின் போனைப் பிடுங்கிக் குரல் பதிவு அனுப்பிவிட்டாள்.

"யாருடி நீ? எங்க பொண்ணுகிட்ட போட்டோ கேக்கறியா? மலைக்கு வா, தொடப்பக்கட்டை காத்துனு இருக்குது!"

என் போன் 'டிங்' என்றது. சத்தத்தை அடக்கும் பதற்றத்தில் அந்தப் பதிவையே தட்டிவிட்டேன். தொடப்பக்கட்டை வரைக்கும் மொத்த வசவும் மரத்துக்குப் பின்னாலிருந்து மறுபடி முழங்கியது. ஊரே திரும்பிப் பார்த்தது. சுற்றி வந்த சந்திரா, பிரியாவை மீசையோடு கண்டாள்.

"நீங்களாங்க பிரியா?"

கவிதா சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "என்னையே கேட்டிருக்கலாமில்லப்பா? யாரு இன்னா அனுப்புனாலும் காட்டியிருப்பேனே!"

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. ஆனால் மகளை நினைத்து அவ்வளவு சந்தோஷமாகவும் இருந்தது. அன்றைக்குப் பீரோவுக்குள் போனது என் போன்தான்.

அன்றிலிருந்து வீட்டில் எனக்குப் பெயர் பிரியா. ("பிரியா வந்துட்டாங்க, சோறு போடு.")

கவிதா இப்போது வேலூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். போன வாரம் பலா மரத்தடியில் நின்றிருந்தபோது அவளிடமிருந்து அழைப்பு.

"பிரியாக்கா, எவனோ ஒருத்தன் போட்டோ கேட்டுனே இருக்கான். இன்னா பண்ணலாம்?"

"பதில் சொல்லாதம்மா. அவன் அனுப்புனதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கினு பிளாக் பண்ணு" என்றாள் பிரியாக்கா, லுங்கியை மடித்துக் கட்டியபடி.